ராக்கம்மாள் உயர்த்திய கை

அந்தச் செய்தி வந்தபோது நான் காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் படகில் இருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகளும் மருமகனும் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று அழைத்துப் போயிருந்தேன். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. கரையேறியதும் கைப்பேசி விடாமல் அடித்தது. எங்கள் பேரூராட்சிக் கவுன்சிலர்களின் வாட்ஸ்அப் குழுவில் ராக்கம்மாளின் படம் வந்திருந்தது. பச்சைப் பட்டு, கழுத்தில் ரோஜா மாலை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். போன வருடம் அவருடைய பிறந்தநாளுக்கு யாரோ போட்ட அதே படம். கண்ணாடி பைக்குள் இருந்ததால் கீழே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. "பிறந்தநாள் வாழ்த்துகள் அம்மா, நூறு வயசு இருக்கணும்" என்று உரக்கப் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன்.

மருமகன்தான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "மாமா, அவங்க தவறிட்டாங்கன்னு போட்டிருக்கு" என்றார். என் பதிவையும் அவரே அழித்தார். அதற்குள் ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். ஒருவரும் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு நான் கடைசியாகச் சொன்னது பிறந்தநாள் வாழ்த்து என்று ஆகிவிட்டது. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு விளங்கவில்லை. அவர் விஷயத்தில் எனக்கு விளங்காமல் இருப்பது இது ஒன்று மட்டுமல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரோடு பழகியவர்கள் படித்துவிட்டு, நான் தவறாகப் புரிந்துகொண்டது எது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

ராக்கம்மாள் கவுன்சிலரானது பிற்பாடுதான். அதற்கு முன்பே ஊரில் எல்லோருக்கும் அவர் மிளகாய்க் கிடங்குக்காரம்மா. புகுந்த வீட்டில் மானாவாரி நிலம் நிறைய இருந்தது. எல்லாவற்றிலும் முண்டு மிளகாய். எங்கள் பக்கத்தில் மாசி பங்குனி வந்தால் எல்லா வீட்டு வத்தலும் ஒரே நேரத்தில் சந்தைக்குப் போகும். விலை விழும். வாங்குகிறவர் சொன்னதே விலை. ஐப்பசி வரைக்கும் நிறம் மங்காமல் வைத்திருந்தால் அதே வத்தலை வீடு தேடி வந்து கேட்பார்கள். கணவர் சேதுராமன் எவ்வளவோ தயங்கியும், நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றைக் கட்டினார் ராக்கம்மாள். தன் வத்தலோடு சுற்றுவட்டார விவசாயிகளின் மூட்டைகளையும் வாடகைக்கு வாங்கி வைத்தார்.

கிடங்கில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் போகிற வழிதான் வெறும் வண்டிப்பாதை. வத்தலுக்கு நல்ல விலை வருகிற அதே மாதத்தில்தான் எங்களுக்கு மழையும் வரும். களிமண்ணில் லாரி அச்சுவரை புதைந்து நிற்கும். மூட்டைகளைத் தலைச்சுமையாகத் தார்ச்சாலைக்குக் கொண்டுவருவார்கள். சாலை கேட்டுப் பேரூராட்சிக்கு மனுக் கொடுத்தார். தனியார் தொழிலின் பயன்பாட்டுக்காகப் பொது நிதியில் சாலை அமைக்க வழியில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவார். என்னிடமும் காட்டினார்.

"உள்ள இருக்கறது ஊர்ல பாதி வீட்டு வத்தல். இது எப்படி மாஸ்டர் தனியாரு ஆகும்?"

நான் அப்போதுதான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அதனால் எல்லோருக்கும் மாஸ்டர். விதி அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய முடியும் என்று ஏதோ சொல்லி வைத்தேன். உள்ளாட்சித் தேர்தல் வந்ததும் அவர் எந்தக் கட்சியிலும் சேராமல் தன் வார்டில் நின்று ஜெயித்தார். பக்கத்து வார்டில் நானும் ஜெயித்தேன். மன்றக் கூட்டத்தில் அவருக்கு அடுத்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.

முதல் வருடத்திலேயே கபடி அரங்கம் வந்து சேர்ந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று தொழில்முறைக் கபடி அணி ஒன்றை வைத்திருந்தது. தொலைக்காட்சியில் ஆட்டம் வரும், டிக்கெட் விற்பார்கள், ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பார்கள். அந்த அணிக்குச் சொந்தமாக ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் கட்டினால் அரசுப் பணத்தில் உள்ளரங்கம் வரும். பேரூராட்சி தன் பங்குக்குப் புறம்போக்கு நிலத்தையும், அங்கே போகச் சாலையையும், தண்ணீரையும் தரவேண்டும். அணிக்குத்தான் அரங்கில் முதல் உரிமை. எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று மன்றம் தீர்மானம் போடவேண்டும்.

எனக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். முப்பது வருடம் பிள்ளைகளைக் கட்டாந்தரையில் ஆடவைத்தவன் நான். எங்கள் மைதானத்தைச் சுற்றிச் சீமைக்கருவேலம். ஆட்டத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து முள் பொறுக்குவதுதான் முதல் பயிற்சி. முட்டியில் தழும்பில்லாத கபடிக்காரப் பிள்ளை ஒருவரும் என்னிடம் இருந்ததில்லை. மேட் விரித்த, கூரை போட்ட ஓர் ஆடுகளம் எங்கள் ஊருக்கு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

கூட்டத்தில் செயல் அலுவலர் திட்டத்தைப் படித்து முடித்ததும் ராக்கம்மாள் எழுந்தார். டிக்கெட் விற்கிறவர்களும் கம்பெனிதானே, அவர்களுக்கு மட்டும் பொதுப்பணத்தில் எப்படிச் சாலை போடுவீர்கள் என்று கேட்டார். செயல் அலுவலர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். விளையாட்டு பொதுநலம், கபடி எல்லாருக்கும் பொது என்றார்.

"மிளகாய் மட்டும் என்ன சார்? யாரு வீட்டுக் கொழம்புல அது இல்லாமக் கிடக்கு?"

மன்றம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார், தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. சொந்தக் கிடங்குக்குச் சாலை கிடைக்காத கோபத்தில் ஊருக்கு வருவதைக் கெடுக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். என் மனைவியிடம் நலம் விசாரித்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அதுக்குள்ள போயி ஆடலாமா? கேட்டீங்களா மாஸ்டர்?"

நான் கேட்டிருக்கவில்லை. ஆடாமல் பின் எதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முன்னாலேயே அந்த அணியின் மேலாளருக்குப் போன் போட்டேன். மேலாளர் மரியாதையாகப் பேசினார். அணியின் பயிற்சியும் போட்டியும் இல்லாத நாட்களில், கட்டணத்தின் பேரில், பரிசீலிக்கலாம் என்றார். போனை வைத்துவிட்டு, மேலாளர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். ராக்கம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "வாரேன் மாஸ்டர்" என்று எழுந்து போய்விட்டார். அப்போது அவர் வாதாடியிருந்தால் நான் எதிர்வாதம் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படியாக நான் ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட ஒன்றுக்கு எதிராளி ஆனேன். அந்த மாதம் முழுவதும் அவரோடு வார்டு வார்டாகப் போனேன். லாபம் குறைந்தால் கம்பெனி போய்விடும், கட்டடம் நம் தலையில்தான் நிற்கும் என்று அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். என்னிடம் படித்தவர்கள் வாசலில் நின்று, நீங்களா மாஸ்டர் இப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். சிலர் வேதனையோடு கேட்டார்கள், சிலர் கேலியாக. திருப்புல்லாணி சாலையில் டீக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன், அந்தக் காலத்தில் என் சிறந்த பிடிகாரன், எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராக்கம்மாள் அதைக் கவனித்தார். "நம்ம சொல்றதுதான் நியாயம். ஆனா அதைச் சொல்றப்ப ஏன் திருடிட்டு வந்த மாதிரி இருக்குன்னு தெரியல" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

ஊரை வசப்படுத்த அந்த நிறுவனம் ஒரு காட்சிப்போட்டி வைத்தது. தீர்மானம் வருவதற்கு முந்தைய நாள், மேல்நிலைப்பள்ளி மைதானத்தில், சாயங்காலம். முள்ளை எல்லாம் சுத்தமாக வெட்டி, நீல மேட் விரித்து, மூன்று பக்கமும் பலகைப் படிக்கட்டு கட்டியிருந்தார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் நாங்கள் இருவரும் போனோம். ராக்கம்மாள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தார். குடிநீர் இல்லை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்று வரிசையாக எழுதினார். கூட்டம் வந்துகொண்டே இருந்தது. கீழக்கரையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மண்டபம் முகாமிலிருந்து ஒரு பஸ் வந்தது. எங்கள் உள்ளூர்க்காரர்கள், எந்தக் கூட்டத்திலும் தெருத்தெருவாகத் தனித்தனியே உட்காருகிறவர்கள், இடமில்லாமல் கலந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் பெண்கள் ஆட்டம் ஒன்று நடந்தது. உள்ளூர்ப் பெண்களும் வெளியூர்ப் பெண்களும். உள்ளூர் அணியில் எட்டாம் எண் சட்டையோடு வந்தவரைப் பார்த்ததும் ராக்கம்மாள் என் கையைப் பிடித்தார். "இது நம்ம செல்வியில்ல?" என்றார். செல்வி அவருடைய கிடங்கில் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவர். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. பள்ளியில் என்னிடம் ஆடியவர்தான். நானே மறந்திருந்தேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் மூட்டை மூட்டையாகக் கிள்ளுவார் என்பதற்கு மேல் ராக்கம்மாளுக்கும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

செல்வி பாடிப் போனார். மூன்று பேர் சுற்றி வளைத்தார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள், இன்னொருத்தி காலை. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு தரையோடு தரையாக வந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டார். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே தொட்டார். மைதானமே எழுந்து நின்றது. ராக்கம்மாள் பலகை மேல் ஏறி நின்று கத்தினார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அடிவயிற்றிலிருந்து செல்வியின் பெயரைக் கூவினார். ஆட்டம் முடிகிறவரை நிறுத்தவில்லை. நோட்டு காலடியில் விழுந்து யாருடைய செருப்புக்கடியிலோ கிடந்தது. முடிந்ததும் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். குரல் கட்டிப்போயிருந்தது. காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"நெதம் எங்கிட்டதான் வேலை பாக்குது மாஸ்டர். இப்படி ஒரு ஆளுன்னு எனக்குத் தெரியலையே."

மறுநாள் காலை மன்றக் கூட்டம். ராக்கம்மாளுக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து நான் பேசினேன். ஊர்ப் பணத்தில் கட்டியதில் ஊர்ப்பிள்ளைகள் கட்டணம் கட்டி ஆடுவதா என்று கேட்டேன், கிடங்குக்கு ஒரு நியாயம் கபடிக்கு ஒரு நியாயமா என்றும் கேட்டேன். நன்றாகவே பேசினேன். தலைவர், தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். கைகள் எழுந்தன. என் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. ஏதோ சொல்ல அனுமதி கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். தலைவரும் அப்படித்தான் நினைத்து, என்னம்மா என்றார். ராக்கம்மாள் தலையை அசைத்துவிட்டு, கையை இறக்காமல் வைத்திருந்தார். பிறகு எதிர்ப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னபோது அந்த மன்றத்தில் என் கை மட்டும் தனியாக நின்றது.

அதோடு போகவில்லை. அவர் தன் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவருக்குக் குரல் இல்லாததால் என்னைப் படிக்கச் சொன்னார் தலைவர். நான் படித்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் காலையில் இலவசமாகத் திறந்துவிடவேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். மிளகாய்ப் பருவத்தில் வண்டி நிறுத்துகிற சிமெண்டுத் தளத்தை விவசாயிகள் வத்தல் காயப்போட விடவேண்டும். கடைசி நிபந்தனைக்கு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மூன்றையும் சேர்த்துத் தீர்மானம் போட்டார்கள். தாளைத் தலைவரின் மேசையில் வைத்தேன். கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் நாங்கள் பேசவில்லை. அரங்கத்துக்கான சாலை வந்தது. ராக்கம்மாளின் கிடங்கு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் அது போனது. புறம்போக்கு அந்தப் பக்கம் இருந்தால் சாலை வேறு எப்படிப் போகும் என்று யோசிக்க ஒருவரும் தயாராக இல்லை. ரோட்டை வாங்கிக்கொண்டு கையைத் தூக்கிவிட்டார் என்று ஊரெல்லாம் பேசியது. நானும் அதை நம்பினேன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். பாதி நம்பினேன் என்று எழுதத்தான் ஆசை. முழுதாகவே நம்பினேன்.

ஏர்வாடி போகிற பஸ்ஸில் ஒரு நாள் எதிரெதிர் இருக்கை கிடைத்தது. இறங்க வழியில்லை. கேட்டுவிட்டேன். தலைவரிடம் ஊர் நன்மைக்காக என்று சொன்னீர்களாம், உங்கள் வீட்டுக்காரரிடம் கை தானாகப் போய்விட்டது என்றீர்களாம், எனக்கு என்ன சொல்கிறீர்கள் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரோட்டுக்காகவும் இருக்கலாம் மாஸ்டர். இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. செல்விக்காகவும் இருக்கலாம். அன்னைக்கு எது தூக்குச்சுன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தெரிஞ்சா மொத உங்ககிட்டதான் சொல்லுவேன்."

என் கோபம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அரசியலில் இருக்கிறவர் எவரும் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அது நேர்மையா, தந்திரமா என்று அப்போது தெரியவில்லை. இறங்கும்போது என் பையையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தார். மறுபடி பேசத் தொடங்கினோம்.

அரங்கம் கட்டி முடித்து முதல் பருவப் போட்டிகள் தொடங்கியபோது மாசி மாதம். தீர்மானத்தில் இருந்தபடி விவசாயிகள் சிமெண்டுத் தளத்தில் வத்தலைக் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கார்கள், மறுபக்கம் சிவப்பாக மிளகாய். வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கடல் பக்கமிருந்து பலமாகக் காற்று அடித்தது. அரங்கத்தின் காற்றாடிகள் வெளிக்காற்றை உள்ளே இழுத்தன. பாடிப் போன ஆட்டக்காரர் நடுவில் நின்று இருமினார். பிடிக்க வந்தவர் இருமினார். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதமுடியாமல் தும்மினார். மூச்சை அடக்கி ஆடுகிற ஆட்டம், தொண்டைக்குள் மிளகாய் நெடி. தொலைக்காட்சியில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் நாங்கள் மட்டும் ஒன்றும் ஆகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

மேலாளர் ராக்கம்மாளிடம் வந்தார். உடனே எல்லாவற்றையும் அப்புறப்படுத்தவேண்டும், அந்த நிபந்தனையையே ரத்து செய்யவேண்டும் என்றார். ராக்கம்மாள், எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான், ரத்தெல்லாம் கிடையாது என்று சொன்னார். சொல்லிவிட்டுப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தளத்துக்குப் போய், தானே வத்தலை வாரிக் குவிக்க ஆரம்பித்தார். செல்வியும் மற்றப் பெண்களும் சேர்ந்தார்கள். நான் தார்ப்பாய் பிடித்தேன். ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் வந்து உதவி செய்தார்கள், பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலறினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டோம். ஆட்டம் தொடர்ந்தது. ராக்கம்மாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். உரிமையை விட்டுக் கொடுத்தாரா, நிலைநாட்டினாரா என்று அன்று செயல் அலுவலர் என்னிடம் கேட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

இரண்டு பருவம் முடிந்தது. அணியை வேறு ஒரு நிறுவனம் வாங்கி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனது. போகிறவர்கள் எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அரங்கம் எங்கள் கையில் நின்றது. ராக்கம்மாள் ஆரம்பத்தில் சொன்ன ஒவ்வொன்றும் பலித்துவிட்டது. நான் அவரிடம் போய், பார்த்தீர்களா என்று கேட்கலாம். ஆனால் அதைச் சொன்னவரே அவர், கை தூக்கியவரும் அவர். யாரிடம் எதைச் சொல்லிக் காட்டுவது?

மிளகாய் விவசாயிகள் அந்தக் கட்டடத்தைக் கிடங்காகக் கேட்டார்கள். முதல் ஆளாக ராக்கம்மாள் சம்மதிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் எதிர்த்தார். மேட்டை ஒருமுறை சுருட்டினால் பிறகு எந்தக் காலத்திலும் விரிக்கமாட்டார்கள் என்றார். தன் கிடங்குக்குப் போட்டி வரக்கூடாது என்பதற்காக எதிர்க்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் அரங்கத்துக்குத் தானே பொறுப்பு என்று செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். கிடங்குக்குப் போகிற வழியில் தினமும் காலையில் அரங்கத்தைத் திறந்துவிடுவார். செல்வியும், அவர் சேர்த்த பெண்களும், பள்ளிப் பிள்ளைகளும் ஆடுவார்கள். நானும் விசிலோடு போக ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு காலையில் வாசலில் நின்றபடி ராக்கம்மாள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே பதினைந்து பிள்ளைகள். "இதைக் கட்டியிருக்கவே கூடாது மாஸ்டர்" என்றார். "இந்தப் பணத்துல பத்துப் பள்ளிக்கூடத்துக்கு மேட் போட்டிருக்கலாம். பத்து ஊருக்கு வத்தல் களம் போட்டிருக்கலாம்."

பின்னே ஏன் அம்மா அன்றைக்குக் கை தூக்கினீர்கள் என்றேன், எத்தனையாவது முறையாகவோ.

"அன்னைக்குத் தூக்குனது சரிதான்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்றுக்கொன்று இடிப்பதைப் பற்றிக் கொஞ்சமும் கவலையில்லாமல் சொன்னார். அதற்குள் யாரோ ஒரு பிள்ளை தவறாகப் பிடிக்க, நான் விசில் ஊதிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். போயிருக்கக்கூடாது. நின்று கேட்டிருக்கவேண்டும். அதன்பிறகு மூன்று வாரம்தான் இருந்தார்.

அன்றே அடக்கம். நான் காரங்காட்டிலிருந்து நேராகப் போனேன். கூட்டம் தெருமுனை தாண்டி நின்றது. கிடங்கில் மூட்டை வைத்திருந்த விவசாயிகள் ஒரு பக்கம் நின்றார்கள். செல்வியும் அவருடைய அணிப் பெண்களும் பயிற்சி உடையிலேயே வந்திருந்தார்கள். அந்த உடையில் வரலாமா என்று யாரோ கேட்டதற்குச் செல்வி, காலையில் அம்மா திறந்துவிட வருவார்கள் என்று அரங்க வாசலில் காத்துக்கொண்டு நின்றோம், அங்கேயிருந்துதான் வருகிறோம் என்றார். கேட்டவர் நகர்ந்துவிட்டார்.

சேதுராமனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சற்று நேரம் கழித்து அவர் என் பக்கம் குனிந்து, ஒன்று கேட்கவேண்டும் என்றார். ராக்கு அன்றைக்கு ஏன் கை தூக்கினாள், உங்களிடமாவது சொன்னாளா என்று கேட்டார். நான் அதையே அவரிடம் கேட்கலாம் என்று இருந்தேன். எனக்குத் தெரியாது என்றேன். அவர் என் கையை விடவில்லை.

வரும் வியாழக்கிழமை மன்றக் கூட்டம். அவருக்கு இரங்கல் தீர்மானம் முதல் பொருள். இரண்டாவது பொருள் அரங்கம். அதன் மேல் இப்போது இரண்டு மனுக்கள் இருக்கின்றன. மதுரையிலிருந்து ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்கிறது. பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், கட்டணம் உண்டு. விவசாயிகள் மறுபடியும் கிடங்காகக் கேட்கிறார்கள். போன பருவத்தில் இடமில்லாமல் வத்தலை மழையில் விட்டவர்கள் அவர்கள், கேட்பதில் தவறில்லை. செல்வியும் அவருடைய பெண்களும் எந்த மனுவும் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தலைவர் நேற்று எனக்குப் போன் செய்து, அந்தம்மா இருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார், உங்களுக்குத்தானே தெரியும் என்றார். தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.

ராக்கம்மாள் அந்த அரங்கத்துக்கு எதிராகச் சொன்ன சொல் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். அன்று மன்றத்தில் அவர் கையை இறக்காமல் உட்கார்ந்திருந்ததும் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். அப்படிச் செய்தால் என்னிடம் மிஞ்சுவது அவராக இருக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டோடும்தான் வியாழக்கிழமை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன்.